சில்லுத் தொழிற்சாலை வைத்திருந்தவரும் இல்லாதவரும்

இங்கிலாந்தில், வேல்ஸ் எல்லையை ஒட்டி லட்லோ என்றொரு சிற்றூர். அங்கிருந்த நியூஸ்ஃபீல்டு என்ற பதிப்பகம் 1984 தொடக்கத்தில் ‘கிராஷ்’ என்ற மாத இதழைக் கொண்டுவந்தது. இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினி வைத்திருந்த பையன்களுக்கு அதுதான் வேதம். அடுத்த ஆண்டு அதே பதிப்பகம் ‘ஜாப்!64’ என்று இன்னோர் இதழைத் தொடங்கியது. அது கமடோர் 64 கட்சிக்காரர்களுக்கு. பள்ளிக்கூட மைதானங்களில் இரு கட்சியும் முட்டிக்கொண்டிருந்த காலம். அவன் கணினியில் நிறம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது என்று இவன் சிரிப்பான். இவன் கணினியின் விலையைச் சொல்லி அவன் பழிப்பான். இருவர் கைக்காசும் போய்ச் சேர்ந்தது லட்லோவில் ஒரே கல்லாவுக்கு.

நிறம், ஒலி, வேகம், விசைப்பலகை என்று பட்டியல் போட்டுச் சண்டை பிடித்தார்கள். ஆனால் இரண்டு பெட்டிகளையும் திறந்து பார்த்தால், அந்தப் பட்டியலில் பெரும்பகுதி ஒரே ஒரு காரணத்தில் போய் முடிகிறது. கமடோரிடம் சொந்தமாகச் சில்லுத் தொழிற்சாலை இருந்தது. சின்கிளேரிடம் இல்லை.

கேம்பிரிட்ஜில் இருந்த கிளைவ் சின்கிளேருக்கு விலையைக் குறைப்பது ஒரு வெறி. 1980இல் அவர் விற்ற இசட்எக்ஸ்80 கணினியில் 21 சில்லுகள். அடுத்த ஆண்டே வந்த இசட்எக்ஸ்81இல் நாலே நாலு. மீதிச் சில்லுகளின் வேலையை வாங்கிக்கொண்டது, ஃபெராண்டி நிறுவனம் செய்துகொடுத்த யுஎல்ஏ என்ற ஒற்றைச் சில்லு. இது பாதியில் நிறுத்திவைக்கப்பட்ட சில்லு. அதற்குள் லாஜிக் கேட்டுகள் வரிசை வரிசையாக இருக்கும், ஆனால் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருக்காது. வாடிக்கையாளர் கேட்ட விதத்தில் கடைசி உலோகப் படலத்தை இட்டால் அது அவருக்கே உரிய சில்லாகிவிடும். முழுச் சில்லையும் முதலிலிருந்து வடிவமைக்க வசதியில்லாதவருக்கு இது வரப்பிரசாதம். இடம் மட்டும் குறைவு. ஆசைப்பட்டதையெல்லாம் அதற்குள் அடைத்துவிட முடியாது.

1982 ஏப்ரல் 23 அன்று ஸ்பெக்ட்ரம் அறிவிக்கப்பட்டது. 16 கிலோபைட் நினைவகத்தோடு 125 பவுண்டு, 48 கிலோபைட் என்றால் 175. அதற்கான யுஎல்ஏவை வடிவமைத்தவர் ரிச்சர்ட் ஆல்ட்வாஸர். சிக்கனம் எந்த அளவுக்குப் போனது என்றால், கூடுதல் 32 கிலோபைட்டுக்காக உள்ளே பொருத்தியவை பாதி பழுதான நினைவகச் சில்லுகள். 64 கிலோபிட் சில்லு ஒன்றில் ஒரு பாதி கெட்டிருந்தால் நல்ல பாதியை மட்டும் பயன்படுத்தலாம் அல்லவா? உற்பத்தியாளர்கள் அப்படிப்பட்டவற்றை 32 கிலோபிட் சில்லு என்று மலிவாக விற்றார்கள். எந்தப் பாதி நல்லது என்பதைச் சொல்ல, சர்க்யூட் போர்டில் ஒரு சிறு கம்பித்துண்டு.

ஸ்பெக்ட்ரத்தின் ரப்பர் விசைகளைப் பற்றி எழுதாதவர் இல்லை; விட்டுவிடுவோம். நிறத்துக்கு வருவோம்.

ஸ்பெக்ட்ரம் திரையில் குறுக்கே 256, நெடுக்கே 192, ஆக 49,152 பிக்சல்கள். பிக்சலுக்கு ஒரு பிட் என்றால் 6,144 பைட் போதும். ஆனால் ஒரு பிட்டில் ‘உண்டு, இல்லை’ என்பதற்கு மேல் எதுவும் சொல்ல முடியாது. எட்டு நிறங்களில் ஒன்றைச் சொல்ல மூன்று பிட் வேண்டும். ஒவ்வொரு பிக்சலுக்கும் மூன்று பிட் கொடுத்தால் 18,432 பைட். 125 பவுண்டு கணினியின் மொத்த நினைவகமே 16,384 பைட்தான்! படத்தை வைக்கவே இடம் போதாது. அப்புறம் நிரலை எங்கே வைப்பது?

ஆகவே ஒரு குறுக்குவழி. திரையை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாக, மொத்தம் 768 கட்டங்களாகப் பிரித்தார்கள். கட்டத்துக்கு ஒரே ஒரு பைட். அதில் முன்நிறத்துக்கு மூன்று பிட், பின்நிறத்துக்கு மூன்று, பளிச்சென்று தெரிய ஒன்று, கண்சிமிட்ட ஒன்று. ஆக மொத்தத் திரையும் 6,912 பைட்டில் முடிந்துபோனது. விலை என்ன? ஒரு கட்டத்துக்குள் இரண்டு நிறத்துக்கு மேல் இருக்க முடியாது. மஞ்சள் சட்டைக்காரன் பச்சை மரத்தைக் கடக்கும்போது, அவன் கால் பட்ட கட்டத்தில் மரமும் மஞ்சளாகிவிடும். மைதானத்தில் கேலி செய்யப்பட்டது இதைத்தான். கேசட்டிலிருந்து விளையாட்டு ஏறும்போது இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். முதலில் படம் கறுப்பு வெள்ளையில் கீற்றுக் கீற்றாக இறங்கும். கடைசி 768 பைட்டுகள் வரும்போது கட்டம் கட்டமாக நிறம் ஏறும்.

வேடிக்கை என்னவென்றால், கமடோர் 64உம் இதே குறுக்குவழியைத்தான் பிடித்தது. அதன் நுண்படத் திரையிலும் எட்டுக்கு எட்டு கட்டத்துக்கு இரண்டே நிறம். அகலப் பிக்சல் முறைக்கு மாறினால் நாலு கிடைக்கும், அதிலும் ஒன்று திரை முழுமைக்கும் பொதுவானது. அப்படியானால் அங்கே ஏன் நிறம் ஒட்டிக்கொள்ளவில்லை?

ஓடுகிறவனும் சுடுகிறவனும் அந்தத் திரையில் இல்லவே இல்லை என்பதால். ஆல் சார்ப்பென்டியர் தலைமையில் உருவான விக்-2 என்ற படச் சில்லு, 24 பிக்சல் அகலமும் 21 பிக்சல் உயரமும் கொண்ட எட்டு ஸ்பிரைட் உருவங்களைத் தனியாக வைத்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் 63 பைட். டிவிக்குழாயின் எலெக்ட்ரான் கற்றை ஒரு வரியை இடமிருந்து வலமாகக் கடக்கும்போதே, இந்த இடத்தில் ஸ்பிரைட் எதுவும் இருக்கிறதா என்று சில்லு பார்த்துக்கொண்டே போகும். இருந்தால் பின்னணியை விட்டுவிட்டு ஸ்பிரைட்டின் பிக்சலை அனுப்பும். நினைவகத்தில் உள்ள பின்னணியில் ஒரு பிட்கூட மாறாது. பொம்மலாட்டத்தில் பொம்மை நகர்வதற்காகப் பின்திரையை யாரும் அழித்து வரைவதில்லை, அது மாதிரி. ஸ்பெக்ட்ரத்திலோ செயலியே பின்னணியை எடுத்துவைத்து, உருவத்தை வரைந்து, அடுத்த அடிக்கு அதை அழித்து, பின்னணியைத் திரும்ப வைக்க வேண்டும்.

இப்படியொரு சில்லைச் செய்ய கமடோரால் முடிந்தது எப்படி? கமடோரை நடத்திய ஜாக் டிராமியல் 1976இல் எம்ஓஎஸ் டெக்னாலஜி என்ற சில்லு நிறுவனத்தையே வாங்கிவிட்டிருந்தார். கால்குலேட்டர் தொழிலில், தனக்குச் சில்லு விற்ற டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸே போட்டியாளராகி விலையை அடித்தபோது பட்ட சூடு அது. எம்ஓஎஸ் கையோடு கொண்டுவந்தது 6502 என்ற மலிவான செயலியை. சொந்தத் தொழிற்சாலை என்றால், தவறாக வந்த சில்லைத் திருத்தி மறுபடி அச்சிட்டுப் பார்க்க யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. 1982 ஆகஸ்டில் கமடோர் 64 அமெரிக்கக் கடைகளுக்கு 595 டாலருக்கு வந்தது. செய்ய ஆன செலவு சுமார் 135 டாலர். அதனால்தான் பிறகு விலையைத் தடதடவென்று இறக்க முடிந்தது. 1983 அக்டோபரில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வீட்டுக் கணினித் தொழிலையே விட்டு வெளியேறியது. பழைய கணக்கு தீர்ந்தது.

வேகத்தைப் பற்றிய சண்டையில் ஸ்பெக்ட்ரம் கட்சி 3.5 மெகாஹெர்ட்ஸ் என்று மார்தட்டும். ஐரோப்பிய கமடோரின் செயலியோ ஒரு மெகாஹெர்ட்ஸைக்கூட எட்டாது, 0.985. ஆனால் கடிகாரத் துடிப்பை மட்டும் எண்ணினால் ஏமாந்துபோவோம். செயலியில் இருக்கும் எண்ணோடு இன்னொரு சிறு எண்ணைக் கூட்ட, ஸ்பெக்ட்ரத்தின் இசட்80க்கு ஏழு துடிப்பு வேண்டும். கமடோர் 64இல் இருந்த, 6502இன் திருத்திய வடிவமான 6510க்கு இரண்டே இரண்டு. வகுத்துப் பார்த்தால் இரண்டுக்குமே ஏறக்குறைய 2 மைக்ரோவினாடி! சரிசமம். ஆனால் 255ஐத் தாண்டும் பெரிய எண்கள் வந்துவிட்டால் கதை மாறும். இசட்80 தன்னிடமுள்ள இரண்டு 16 பிட் எண்களை ஒரே கட்டளையில், சுமார் 3 மைக்ரோவினாடியில் கூட்டிவிடும். 6510 அதையே பாதி பாதியாகப் பிரித்து, நினைவகத்துக்குப் போய்வந்து கூட்டி முடிக்க சுமார் 20 ஆகும்.

ஸ்பெக்ட்ரத்தில் முப்பரிமாண விளையாட்டுகள் செழித்ததற்கு இது ஒரு காரணம் என்பேன். 1984இல் அல்டிமேட் நிறுவனத்தின் ஸ்டாம்பர் சகோதரர்கள் செய்த ‘நைட் லோர்’ விளையாட்டைப் பாருங்கள். சாய்கோணத்தில் தெரியும் அறை, மேசைக்குப் பின்னால் போனால் மறையும் ஆள், மேலே ஏறி நிற்கக்கூடிய கட்டைகள். எல்லாம் செயலி கணக்குப்போட்டு வரைந்தவை. நிறச் சிக்கலுக்கு அவர்கள் கண்ட வழி, அறைக்கு ஒரே நிறம். ஒரு நிறம்தான் என்றால் எது எதோடு ஒட்டும்? அந்த ஒற்றை நிறத்தில் ஒரு கம்பீரம் வந்து சேர்ந்தது. கமடோரின் எட்டு ஸ்பிரைட்டுகளால் அங்கே பெரிய உதவி கிடைத்திருக்காது. எந்தக் கட்சி என்று கேட்டால், இந்த ஒரு விளையாட்டுக்காகவே நான் ரப்பர் விசைக் கட்சி.

ஒலியில் மட்டும் வாயைத் திறக்க முடியாது. கமடோருக்குள் இருந்த சிட் என்ற சில்லு, பாப் யானஸ் வடிவமைத்த அசல் சிந்தசைசர். தனித்தனியே இயங்கும் மூன்று குரல்கள், ஒவ்வொன்றும் எழுந்து அடங்கும் விதத்தைத் தீர்மானிக்கும் வசதி, ஒரு ஃபில்டர். ஸ்பெக்ட்ரத்தில் இருந்தது ஒரு சிறு ஸ்பீக்கரும் ஒரே ஒரு பிட்டும். ஸ்பீக்கரை உள்ளே இழு, வெளியே தள்ளு, அவ்வளவுதான். அதிலும் டிம் ஃபாலின் 1987இல் ‘குரோனோஸ்’ விளையாட்டுக்குப் பல குரல் இசையே அமைத்துவிட்டார். வெவ்வேறு சுருதிகளுக்கான மெல்லிய துடிப்புகளை அடுத்தடுத்து ஊசியாய்ச் செருகினால் காது அவற்றைச் சேர்ந்திசையாகக் கேட்டுக்கொள்கிறது.

சிட் சில்லிலும் ஒரு கோளாறு உண்டு. அதன் ஒலியளவை 0 முதல் 15 வரை மாற்றலாம். மாற்றும்போதெல்லாம் ‘டிக்’ என்று ஒரு சத்தம்; வேண்டாத மின்னழுத்தம் கசிவதால் வருவது. நிரலாளர்கள் விடுவார்களா? ஒலியளவை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை மாற்றி, அந்த டிக்குகளைக் கோத்தே மனிதக் குரலைப் பேசவைத்தார்கள். பின்னாளில் 8580 என்ற திருத்திய சில்லு வந்தது. பொறியாளர்கள் கோளாறைச் சரிசெய்துவிட்டிருந்தார்கள். பழைய விளையாட்டுகளின் பேச்சு முணுமுணுப்பாகிப் போனது.

சண்டை 1985இல் அடுத்த தலைமுறைக்குப் போனது. இப்போது அட்டாரி எஸ்டியும் கமடோர் அமிகாவும். இரண்டிலும் ஒரே 68000 செயலி. ஜே மைனர் குழு வடிவமைத்த தனிச் சில்லுகளோடு அமிகா வந்தது. படமும் ஒலியும் அவற்றின் பொறுப்பு. எஸ்டியில் ஸ்பிரைட் இல்லை, ஒலிக்கு யமஹாவின் கடைச்சரக்குச் சில்லு, ஆனால் செயலி 8 மெகாஹெர்ட்ஸில் அமிகாவைவிடக் கொஞ்சம் வேகமாக ஓடியது, விலையும் குறைவு. சின்கிளேரின் பாதையேதான். அதைச் செய்தவர் யார் தெரியுமா? ஜாக் டிராமியல்! 1984 ஜனவரியில் கமடோரைவிட்டு வெளியேறி, அதே ஆண்டு அட்டாரியை வாங்கியிருந்தார். சில்லுத் தொழிற்சாலை பழைய கம்பெனியோடு போய்விட்டது. எஸ்டியில் மிடி என்ற இசைக்கருவி இணைப்புக்கு இரண்டு துளைகளை மட்டும் மறக்காமல் வைத்திருந்தார்கள். சொந்தக் குரலில் சுமாராகவே பாடிய அந்தக் கணினி, மற்றக் கருவிகளை ஆட்டுவிக்கும் வேலைக்காக இசைப்பதிவுக் கூடங்களில் ஆண்டுக்கணக்கில் குடியிருந்தது.