எந்த வருடத்து டிராம்?

1948-இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் நகரம் தன் டிராம்களைக் கழித்துக்கொண்டிருந்தது. கடைசியாக ஒருமுறை ஏறிப் பார்க்க வந்த ஆர்வலர்கள் சிலர், 45-ஆம் எண் வண்டியை 10 பவுண்டு கொடுத்து வாங்கிவிட்டார்கள். 1903-இல் கட்டிய மாடி டிராம் அது. ஊரின் நடுவே பார்கேட் என்ற பழங்காலக் கோட்டைவாசல். அதன் வளைவுக்கடியில் போகும்போது தலை இடிக்கக் கூடாது. அதனால் கூரையில்லாத மாடியின் நடுவில் ஒரே நீள பெஞ்சு போட்டு, முதுகோடு முதுகாக ஆட்களை உட்கார வைத்தார்கள். ஒரு வாசலின் உயரம் ஒரு வண்டியின் வடிவத்தையே தீர்மானித்திருக்கிறது. வண்டி பிழைத்ததால்தான் இதை இன்றும் நேரில் பார்க்க முடிகிறது.

அவர்களைப் போன்றவர்கள் 1955-இல் சங்கம் அமைத்தார்கள். 1959-இல் டெர்பிஷையரின் கிரிச் கிராமத்தில் ஒரு பழைய கல் குவாரியைப் பிடித்தார்கள். 1964-இல் அங்கே மின்சார டிராம் ஓடியது. நம் சென்னையில் 1895-இல் தொடங்கிய டிராம் 1953-இலேயே நின்றுவிட்டது. அப்போது இங்கும் நாலு பேர் இப்படிக் கிளம்பியிருக்கக் கூடாதா என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

நான் கரூரில் பஸ்ஸுக்குப் பாடி கட்டும் பட்டறையில் தச்சுவேலை பார்த்தவன். நாட்டிங்ஹாமில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனபோது பேரனோடு கிரிச் டிராம் அருங்காட்சியகத்துக்குப் போனேன். நுழைவுச்சீட்டோடு ஒரு பழைய பென்னி தருகிறார்கள்; கண்டக்டரிடம் அதைக் கொடுத்து டிக்கெட் வாங்க வேண்டும். பேரனுக்கு அதிலேயே சந்தோஷம். நான் பழைய டிராம்களைப் பழுதுபார்க்கும் பணிமனையை விட்டு நகரவில்லை. வேலை நடப்பதை மேலிருந்து பார்க்க இடம் விட்டிருக்கிறார்கள்.

மரவண்டிக்கு நோய் எங்கிருந்து வரும் என்று எனக்குத் தெரியும். ஜன்னல் விளிம்பில் இறங்கும் மழைத்தண்ணீர் பில்லர் வழியாக ஓடி அடிச்சட்டத்தில் தேங்கும். வெளியே பெயிண்ட் பளபளக்கும். உள்ளே, மூட்டில் செருகிய கழுந்து மட்கியிருக்கும். பட்டறையில் நாங்கள் முழு பில்லரையும் பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போடுவோம். பஸ் சீக்கிரம் ரோட்டுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். பழைய டிராமுக்கு அப்படிச் செய்யக் கூடாது. மட்கிய பாகத்தை மட்டும் அறுத்து, அதே சாதி மரத்தில் சாய்வாக ஒட்டுப்போட வேண்டும். எதை மாற்றினோம் என்று படம் எடுத்து எழுதிவைக்க வேண்டும்.

இரும்புவேலையும் லேசில்லை. டிரைவர் கைப்பிடியைத் திருப்பினால் கண்ட்ரோலருக்குள் ஓர் உருளை சுழன்று செம்புத் தகடுகளைத் தொட வைக்கும். மின்சுற்றில் மோட்டார்கள் முதலில் தொடராகவும் வேகமெடுக்கும்போது இணையாகவும் சேரும். ஒவ்வொரு பொறியும் செம்பைத் தின்னும். கடையில் உதிரிபாகம் கிடைக்காது, செய்துதான் ஆக வேண்டும்.

இதையெல்லாம்விடப் பெரிய கேள்வி, வண்டியை எந்த வருடத்துக்குத் திருப்புவது என்பது. லண்டன் 1-ஆம் எண் டிராம் 1932-இல் நீலநிறத்தில் வந்தது. 'புளூபேர்ட்' என்றே பெயர். 1951-இல் லீட்ஸ் நகரத்துக்கு விற்கப்பட்டு, 301 என்ற எண்ணோடு அங்கே ஓடியது. நீலத்துக்குத் திருப்பினால் லீட்ஸ் வாழ்க்கை மறைந்துவிடும். அப்படியே விட்டால் லண்டன்காரர்கள் தங்கள் வண்டியை அடையாளம் காண மாட்டார்கள். தேர்ந்தெடுத்துத்தான் ஆக வேண்டும். சுரண்டும்போது தெரியும் பெயிண்ட் அடுக்குகளைக் கணக்கெடுக்காமல் மட்டும் சுரண்டக் கூடாது.

வண்டி ஓட வேண்டும் என்பதே என் கட்சி. ஓடினால் தேயும், தேய்ந்தால் மாற்ற வேண்டும், பழைய பாகம் குறைந்துகொண்டே போகும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாடிப்படி அதிர்வதையும் மோட்டாரின் முனகலையும் கண்ணாடிக்கூண்டில் வைத்துக் காட்ட முடியாது. கழற்றிய மரத்தைக் குப்பையில் போடாமல் எண் எழுதிப் பத்திரப்படுத்தினால் போதும். கழுந்தின் அளவும் உளி விழுந்த தடமும் அதில் இருக்கும். நாளை அதே ரகத்தில் இன்னொரு வண்டி ஏதாவது தோட்டத்தில் கோழிக்கூடாகக் கிடைத்தால், அளவெடுக்கத் தச்சனுக்கு அந்தத் துண்டு உதவும்.