ஆற்றுக்கு உரிய பங்கு

ஓர் ஆற்றை இருவகையாக நோக்கலாம். அதில் எவ்வளவு நீர் ஓடுகிறது, அதை யார் யாருக்குக் கொடுப்பது என்று கணக்கிடுவது ஒருவகை. அந்நீர் எத்தன்மையது, எப்பயனுக்கு ஏற்றது என்று ஆராய்வது மற்றொரு வகை. முன்னதைப் பங்கீடு என்றும், பின்னதைத் தரம் வகுத்தல் என்றும் கூறலாம். நம் நாட்டில் இவ்விரண்டையும் இருவேறு அலுவலகங்கள் இருவேறு ஏடுகளில் எழுதிவருகின்றன. ஆறோ ஒன்றுதான். ஆற்றைக் காப்பதும் அதனால் நாடு வளம் பெறுவதும் ஒன்றுக்கொன்று பகை என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியதற்கு இப்பிரிவினையும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

இதனை விளக்க, நம் சங்கத்து அன்பர்கள் பாலத்தின்மீது பலமுறை கடந்து சென்றிருக்கும் யமுனையையே எடுத்துக்கொள்கிறேன். நான் நீரியல் பயில்பவன்; அத்துறைச் சொற்களை இயன்றவரை விலக்கி எழுதுகிறேன். எண்களை மட்டும் விலக்க இயலாது. நீரைப் பற்றிய பேச்சில் எண்ணை விட்டுவிட்டால் எஞ்சுவது வெறும் புலம்பலே.

தர வகுப்புகள்

1974ஆம் ஆண்டில் நீர்மாசு தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்கீழ் அமைந்த மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நீர்நிலைகளை ஐந்து வகுப்புகளாகப் பிரித்தது. கிருமி நீக்கம் மட்டும் செய்து குடிக்கத்தக்கது முதல் வகுப்பு. நீராடத்தக்கது இரண்டாவது. முறையாகச் சுத்திகரித்த பிறகு குடிக்கத்தக்கது மூன்றாவது. மீனும் பிற உயிர்களும் வாழத்தக்கது நான்காவது. பாசனத்துக்கும் ஆலைகளில் எந்திரங்களைக் குளிர்விப்பதற்கும் மட்டும் ஏற்றது ஐந்தாவது.

ஒவ்வொரு வகுப்புக்கும் அளவுகள் உண்டு. சான்றாக, நீராடும் நீரில் ஒரு லிட்டருக்குக் கரைந்த பிராணவாயு 5 மில்லிகிராமுக்குக் குறையலாகாது. அந்நீரின் உயிரியல் பிராணவாயுத் தேவை 3 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. நீரிலுள்ள அழுக்கைத் தின்று கரைக்கும் நுண்ணுயிர்கள் எவ்வளவு பிராணவாயுவை உண்கின்றன என்பதே இத்தேவை. இவ்வெண் ஏற ஏற மீனுக்கு மூச்சுவிட வழியில்லாது போகும்.

இவ்வகுப்பு முறையில் அறிவியல் உண்டு. பிழையென்று எவரும் சொல்ல மாட்டார். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஐந்து வகுப்புகளில் ஒன்றிலேனும், ஆற்றில் எவ்வளவு நீர் ஓட வேண்டும் என்ற அளவு கிடையாது.

பங்கீடு

நீரின் அளவை முடிவுசெய்தது வேறோர் ஏடு. 1994ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் அரியானா, உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான், இமாசலப் பிரதேசம், டில்லி ஆகிய ஐந்தின் முதலமைச்சர்கள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். ஓக்லா வரை யமுனையில் சராசரி ஆண்டொன்றில் கிடைக்கும் நீர் 1,300 கோடி கன மீட்டர் என மதிப்பிட்டனர். அதில் அரியானாவுக்கு 573 கோடி. உத்தரப் பிரதேசத்துக்கு 403.2 கோடி, ராஜஸ்தானுக்கு 111.9 கோடி, டில்லிக்கு 72.4 கோடி, இமாசலத்துக்கு 37.8 கோடி. வெள்ளமாகப் போய்விடுவது 68 கோடி. ஆற்றின் உயிர்நலனுக்கு என்று விடப்பட்டது 33.7 கோடி. அதாவது நூற்றில் இரண்டரைப் பங்குக்குச் சற்று மேல். ஆண்டு முழுவதும் சீராக ஓடினால் வினாடிக்குப் பத்து கன மீட்டர் அளவு.

ஆற்றுக்கென்று ஒரு பங்கை எழுதியதே அன்று முன்னேற்றம்தான். ஆயினும் அந்தப் பங்கு எப்போது கிடைக்கும்? மலைப்பகுதியில் அணைகள் படிப்படியாகக் கட்டி முடிக்கப்படும்போது, தாஜேவாலாவுக்குக் கீழும் ஓக்லாவுக்குக் கீழும் அந்த ஓட்டம் காக்கப்படும் என்பது ஒப்பந்தத்தின் வாசகத்திலிருந்து பெறப்படும் பொருள். ரேணுகா, லக்வார், கிசாவ் என்னும் பேரணைகள் இன்னும் முடிந்தபாடில்லை. மாநிலங்களோ அணைகளுக்குக் காத்திருக்கவில்லை. அவற்றுக்கு இடைக்காலப் பங்கீடு ஒன்று அப்போதே பருவவாரியாக வகுக்கப்பட்டுவிட்டது. பந்தியில் எல்லோருக்கும் இலை போட்டாயிற்று. ஆற்றை மட்டும் அடுத்த பந்திக்கு நிற்கச் சொன்னார்கள். 1999இல் உச்ச நீதிமன்றம் வினாடிக்கு 10 கன மீட்டர் ஓட்டம் வேண்டும் என்று ஆணையிட்ட பிறகும் நிலைமை பெரிதும் மாறவில்லை.

ஒரு சிறு கணக்கு

இப்போது இரண்டு ஏடுகளையும் அருகருகே வைத்துப் பார்ப்போம்.

ஒன்பது குடம் நல்ல ஆற்று நீர் என்று கொள்க. அதன் பிராணவாயுத் தேவை லிட்டருக்கு 1 மில்லிகிராம். அதில் சுத்திகரித்த கழிவுநீர் ஒரு குடம் கலக்கிறது; அதன் தேவை 20 என வைத்துக்கொள்வோம். கலந்தபின் கிடைப்பது 2.9. நீராடும் வகுப்பின் வரம்பாகிய 3க்குள் அடங்கிவிட்டது.

அதே ஆற்றிலிருந்து நல்ல நீரில் பாதியை மேலே திருப்பிவிட்டால் எஞ்சுவது நாலரைக் குடம். கழிவுநீர் அதே ஒரு குடம்தான். இப்போது கலவையின் தேவை ஏறத்தாழ 4.5. நீராடும் வகுப்பிலிருந்து ஆறு வீழ்ந்துவிட்டது. நகரத்தார் ஒரு துளி அழுக்கையும் கூடுதலாகச் சேர்க்கவில்லை. சுத்திகரிப்பு நிலையமும் தன் கடமையில் தவறவில்லை. நல்ல நீர் முழுவதையும் திருப்பிவிட்டாலோ, ஓடுவது கழிவுநீர் மட்டுமே, தேவை 20.

ஆகவே, நீரைப் பங்கிடுபவர் தம்மையறியாமலே தரத்தையும் வகுத்துவிடுகின்றனர். மாசு வாரியத்தார் பின்னர் வந்து அளந்து பார்ப்பது, முன்பே முடிந்துபோன தீர்ப்பை எழுதிவைப்பதுபோல் ஆகிறது.

சென்ற குளிர்காலத்தில் எங்கள் வகுப்பினரோடு வசீராபாத் தடுப்பணைக்குச் சென்றிருந்தேன். அணைக்கு மேலே தேங்கிய நீரில் பறவைகள் மிதந்தன. கீழே சிறிது தொலைவு நடந்ததும் நஜப்கட் வடிகால் வந்து சேரும் இடம். கரிய நீரும் வெண்ணுரையும் நாற்றமும். கோடையிலும் குளிரிலும் அணைக்குக் கீழே நன்னீர் ஏறத்தாழ இல்லை என்பதால், அவ்விடத்துக்குப் பிறகு யமுனை என்று நாம் சொல்வது பெரும்பாலும் நகரத்தின் வடிகால்களையே. வசீராபாத் முதல் ஓக்லா வரை உள்ள 22 கிலோமீட்டர், ஆற்றின் நீளத்தில் நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. ஆனால் அதன் மாசுச் சுமையில் முக்கால் பங்குக்கு மேல் இங்குதான் சேர்கிறது.

நண்பரின் வினா

விடுதியில் இக்கணக்கை நான் விளக்கியபோது, ரோத்தக் மாவட்டத்து நண்பர் ஒருவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் தந்தையார் மேற்கு யமுனைக் கால்வாயின் நீரால் கோதுமை விளைவிப்பவர். கேட்டு முடித்துவிட்டு அவர் ஒன்றே கேட்டார்: “ஆற்றுக்கு விடச் சொல்கிறீர்கள், எந்த வயலிலிருந்து எடுத்து விடுவது என்று சொல்லுங்கள்.”

இந்த வினாவுக்கு மறுமொழி கூறாமல் ஆற்றைக் காப்பது பற்றிப் பேசுவது முறையாகாது. டில்லியின் புறநகர்க் குடியிருப்புகளில் தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு காத்திருக்கும் தாய்மாரும் இதே வினாவைக் கேட்கலாம். எனவே அதையும் எண்ணிப் பார்ப்போம்.

நெருக்கடி மழைக்காலத்தில் இல்லை. இடைக்காலப் பங்கீட்டின் நீரில் முக்காற்பங்கு ஜூலை முதல் அக்டோபர் வரையிலான நான்கு மாதங்களுக்கே உரியது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை பங்கிடப்பட்ட நீர் 127.5 கோடி கன மீட்டர்தான். வினாடிக்கு ஏறத்தாழ 123 கன மீட்டர். ஆற்றுக்குப் பத்து விட வேண்டுமானால், எல்லோரும் தம் பங்கில் பன்னிரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். அக்காலத்தில் பாதிக்கு மேல் பெறும் அரியானா விடவேண்டியது ஐந்து கன மீட்டருக்குச் சற்று மேல். கோதுமைக்கு நீர் வேண்டிய பருவமும் அதுவே. ஆதலின் நண்பரின் அச்சம் பொய்யன்று. ஆனால் விலை இன்னதென்று தெரிந்துவிட்டால், அதைக் கொடுக்கும் வழியையும் தேடலாம். டில்லிக்குக் குடிநீர் வரும் முனக் கால்வாய்க்குத் தளமிட்டபோது, மண்ணில் ஊறி வீணாகிய நீர் மிச்சமாயிற்று. அந்த மிச்சம் யாருக்கு என்று டில்லியும் அரியானாவும் வழக்காடின. ஆற்றின் சார்பில் அதைக் கேட்க எவரும் இல்லை!

குடிநீரைப் பற்றிய அச்சத்துக்கும் கணக்கு உண்டு. டில்லியில் இரண்டு கோடி மக்கள் என்று கொண்டு, ஆளுக்கு நாளொன்றுக்கு 25 லிட்டர் என்று கணக்கிட்டால், உயிர் வாழ்வதற்கான அடிப்படைத் தேவை ஆண்டுக்குச் சுமார் 18 கோடி கன மீட்டர். டில்லியின் பங்கில் அது நான்கில் ஒன்று. ஏழையின் குடமும் ஆற்றின் ஓட்டமும் ஒன்றையொன்று விழுங்கும் அளவுக்குப் பெரியன அல்ல. இரண்டும் சிறியன, இரண்டும் வரிசையில் பின்னுக்குத் தள்ளப்படுகின்றன.

தென்னாப்பிரிக்கா வகுத்த முறை

இவ்விரண்டு சிறிய பங்குகளையும் முதலில் எடுத்து வைத்துவிட்டால் என்ன? தென்னாப்பிரிக்கா அவ்வாறே சட்டம் செய்தது. நிறவெறி ஆட்சி நீங்கியபின், இந்திய மரபினரான கேடர் அஸ்மால் நீர்வள அமைச்சராக இருந்த காலத்தில், 1998ஆம் ஆண்டு தேசிய நீர்ச் சட்டம் இயற்றப்பட்டது. கரையில் நிலம் வைத்திருப்பவனுக்கு நீரில் தனியுரிமை என்ற பழைய முறையை அது நீக்கியது. மக்களின் அடிப்படைத் தேவைக்கு ஆளுக்கு 25 லிட்டர். ஆற்றின் உயிர்களுக்கு வேண்டிய அளவும் தன்மையும் கொண்ட ஓட்டம். இவ்விரண்டும் சேர்ந்தது ‘ஒதுக்கு நீர்’. இது போக எஞ்சியதே வேளாண்மைக்கும் ஆலைக்கும் சுரங்கத்துக்கும் உரிமமாக வழங்கத்தக்கது.

எல்லா ஆறுகளையும் ஒரேயளவில் காக்க வேண்டும் என்று அச்சட்டம் சொல்லவில்லை. 2010இல் வந்த விதிகள் மூன்று வகுப்புகளை அமைத்தன: சிறிதளவே பயன்படுத்துவது, நடுத்தர அளவில் பயன்படுத்துவது, மிகுதியாகப் பயன்படுத்துவது. எந்த ஆறு எவ்வகுப்பு என்பதை, வேலைவாய்ப்பும் வருவாயும் ஒருபுறம், ஆற்றின் நலம் மறுபுறம் வைத்து எடைபோட்டு, மக்களின் கருத்தையும் கேட்டபின் அரசிதழில் வெளியிட வேண்டும். நிலக்கரி வெட்டும் பகுதியின் ஆறு மூன்றாம் வகுப்பாகலாம். ஆயினும் அவ்வகுப்புக்கும் ஓர் அடித்தளம் உண்டு. அதற்குக் கீழே இறங்க எவருக்கும் உரிமை இல்லை. காப்பையும் வளர்ச்சியையும் இணைக்கும் இடம் இதுவே என்று எண்ணுகிறேன்.

இச்சட்டம் வந்ததும் அந்நாட்டில் ஆறுகளெல்லாம் செழித்துவிட்டன என்று நான் கூறவரவில்லை. சட்டத்துக்கும் வகுப்பு விதிகளுக்கும் இடையே பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன. பழைய பயன்பாடுகள் தொடர விடப்பட்டதால், பல ஆறுகளில் எடுத்துவைக்க நீரே மிஞ்சவில்லை. 2005இல் ஓலிஃபண்ட்ஸ் என்னும் ஆறு, புகழ்பெற்ற க்ரூகர் வனப்பூங்காவினுள் ஓட்டமற்று நின்றது. முதலில் கொடுத்துவிட்டுப் பின்னர் வகுப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு அதுவே சான்று.

இனிச் செய்யத்தக்கது

நம் நாட்டிலும் இவ்வெண்ணம் தோன்றாமலில்லை. 2018 அக்டோபரில் மத்திய அரசு கங்கைக்குக் குறைந்தபட்ச ஓட்டத்தை அறிவித்தது. ஹரித்துவாரில் மழைக்காலத்தில் வினாடிக்கு 57 கன மீட்டர், பிற காலத்தில் 36. பிஜ்னோர், நரோரா, கான்பூர் தடுப்பணைகளில் 48, 24. காவிரியிலும், 2007ஆம் ஆண்டு நடுவர் மன்றத் தீர்ப்பு 740 டி.எம்.சி. நீரில் 10 டி.எம்.சி.யைச் சூழல் நலனுக்கென்று எழுதியது. 2018இல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களின் பங்குகளை மாற்றியபோதும் அந்தப் பத்து அப்படியே நின்றது. 740இல் 10 என்பது நூற்றுக்கு ஒன்றரைக்கும் குறைவு. அது போதுமா என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்? தமிழகத்துக்கு 419ஆ 404.25ஆ என்றுதானே வாதிட்டோம்!

யமுனை ஒப்பந்தத்தில் ஒரு விதி உண்டு. 2025ஆம் ஆண்டுக்குப் பின், எந்த ஒரு மாநிலம் கோரினாலும் பங்கீட்டை மறுபடி ஆராயலாம் என்பதே அது. அக்காலம் வந்துவிட்டது. ஐந்து மாநிலங்களும் மீண்டும் மேசையைச் சுற்றி அமரும்போது, முதலில் எழுத வேண்டியவை மூன்று. ஆற்றின் ஒவ்வொரு பகுதியும் எவ்வகுப்பில் இருக்க வேண்டும்? அவ்வகுப்புக்கு ஒவ்வொரு மாதமும் எவ்வளவு நீர் ஓட வேண்டும்? மக்கள் உயிர்வாழ எவ்வளவு வேண்டும்? இம்மூன்றையும் எழுதிய பின்னரே மாநிலங்களின் பெயரை எழுதலாம். ஆற்றின் பங்கை இனிக் கட்டப்போகும் அணைகளோடு முடிச்சுப்போடக் கூடாது. வகுப்பைக் குறிப்பவரும் நீரைத் திறந்துவிடுபவரும் ஒரே ஏட்டில் கையெழுத்திட வேண்டும். பாசனத்தில் மிச்சமாகும் நீரில் ஒரு பங்கு ஆற்றைச் சேர வேண்டும். மிச்சப்படுத்தும் செலவை உழவர் தலையில் மட்டும் சுமத்தலாகாது.

இச்சங்கத்திலிருந்து ஆண்டுதோறும் பொறியாளராகவும் வழக்கறிஞராகவும் ஆட்சிப்பணியாளராகவும் பலர் வெளிச்செல்கின்றனர். அவர்களுள் ஒருவர் என்றேனும் நீர்ப்பங்கீட்டுக் கோப்பு ஒன்றைக் கையில் எடுக்கக்கூடும். அப்போது, பட்டியலின் முதல் வரியில் யார் பெயர் இருக்கிறது என்று மட்டும் அவர் பார்ப்பாராக. அங்கே ஆற்றின் பெயர் இல்லையெனில், கையெழுத்திடுமுன் காரணம் கேட்பாராக.