மலைவீட்டில் தாட்பூட் கொடி

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் தாட்பூட் பழத்தை அறியாதார் இலர். ஊதாத் தோலும், உள்ளே மணமிக்க மஞ்சள் சாறும், கருநிற விதைகளும் கொண்ட இப்பழத்தைப் பேஷன் பழம் என்போரும் உளர். இலங்கையில் கொடித்தோடை என்பர். மலைப்பகுதிச் சங்கங்களைப் பார்வையிடச் செல்லுமிடங்களில், வீட்டோரம் இக்கொடியை வைத்து முதல் குளிர்காலத்திலேயே இழந்த அங்கத்தினர்களை நாம் காண்கின்றோம். "இங்குள்ள குளிருக்கு இது வராது" என்று அவர்கள் முடிவு கட்டிவிடுகின்றனர். அம்முடிவு சரியன்று. கொடியைக் கொல்வது ஆண்டு முழுவதும் உள்ள குளிர் அன்று. உறைபனி விழும் சில இரவுகளே. அவ்விரவுகளை மனத்திற்கொண்டு வகையையும் இடத்தையும் தேர்ந்தால் பழம் கிடைக்கும்.

முதலில் வகையைக் கூறுவோம். இக்கொடியின் தாயகம் தென் அமெரிக்கா; பிரேசிலின் தென்பகுதியும் அதனை அடுத்த நாடுகளுமாகும். அங்குச் சென்ற ஸ்பானியப் பாதிரிமார் இதன் பூவில் ஏசுநாதரின் பாடுகளைக் கண்டு இட்ட பெயரே பேஷன் என்பது. பெயரைக் கேட்டு வேறு பொருள் கொள்வார் அதனை மறத்தல் நலம். உண்பதற்குரியவற்றுள் ஊதா, மஞ்சள் என இரு வகைகள் முக்கியமானவை. மஞ்சள் வகை வெப்ப நிலத்துக்குரியது. உறைபனியைச் சிறிதும் தாங்காது. அன்றியும், தன் மகரந்தத்தால் தானே காய்க்காது. உறவற்ற வேறொரு கொடி அருகில் வேண்டும். ஊதா வகையோ குளிர்ந்த மலைக்கு ஏற்றது. இலேசான உறைபனியைத் தாங்கும். ஒற்றைக் கொடியே காய்க்கும். குடகிலுள்ள செட்டள்ளி ஆராய்ச்சி நிலையத்தார் இவ்விரண்டையும் கலந்து 'காவேரி' என்னும் வகையை உண்டாக்கியுள்ளனர். நல்ல விளைச்சல் தருவதே எனினும், உதகை போன்ற உயரத்தில் வீட்டுக்கு ஒரே கொடி வைப்போர் ஊதாவை வைப்பதே நலம் என்பது நம் எண்ணம். சமவெளியில் வாழும் நெசவாளர் அங்கத்தினர்க்கு ஊதா உதவாது. அவர்கள் மஞ்சளில் இரண்டு கொடிகளாக நடுக.

இனி இடம். உதகை கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலும், குன்னூர் 1,850 மீட்டர் உயரத்திலும் உள்ளன. உயரம் மட்டுமே உறைபனியைத் தீர்மானிப்பதில்லை. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, மேகமும் காற்றும் இல்லாத இரவுகளில் நிலம் தன் வெப்பத்தை வானத்திற்கு இழக்கின்றது. நிலத்தை ஒட்டிக் குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீர் போலவே சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஆதலால்தான் ஓடைக்கரை வயலில் உருளைக்கிழங்குச் செடி கருகிக் கிடக்க, அதற்கு மேலே சரிவின் நடுவிலுள்ள வீட்டுத் தோட்டம் பசுமையாக இருக்கின்றது. கொடியைப் பள்ளத்தில் வைக்கலாகாது. சரிவில் வைத்தாலும், அதற்குக் கீழ்ப்புறம் கெட்டியான வேலியோ சுவரோ இருந்தால், இறங்கி வரும் குளிர்காற்று அங்கேயே அணைபட்டு நிற்கும்; வேலியில் வழி விடுதல் வேண்டும்.

அனைத்திலும் சிறந்த இடம் வீட்டின் தெற்குச் சுவரோரம். நம் நாட்டில் குளிர்காலத்துச் சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால் அச்சுவர் பகலெல்லாம் வெயிலை வாங்கும். கற்சுவராயின் இரவில் அவ்வெப்பத்தைச் சிறிது சிறிதாக விடும். சுவரிலிருந்து ஓரடி தள்ளி, கூரைத் தண்ணீர் சொட்டாத இடமாகப் பார்க்க வேண்டும்.

நீள அகல ஆழம் ஒவ்வொன்றும் ஒன்றரை அடியாகக் குழி எடுத்து, மேல்மண்ணோடு மட்கிய தொழுவுரம் கலந்து நிரப்பி, மண் சற்று மேடாக இருக்கும்படி நடுக. நடும் காலம் உறைபனி நின்ற பின்னரே. கோடைமழையை ஒட்டி நட்டால் அடுத்த குளிருக்குள் தண்டு தேறிவிடும். ஒரே தண்டைக் கம்பியின் உயரம் வரை பக்கக்கிளையின்றி ஏற்றி, பின்னர் இருபுறமும் படரவிட்டு, அவற்றினின்று தொங்கும் கிளைகளைத் தறியில் பாவு இழைகள் போல ஒன்றோடொன்று சிக்காமல் விடுதல் வேண்டும். சிக்கிய கொடியில் வெளிச்சம் புகாது. வெளிச்சம் புகாத இடத்தில் பூ வராது. தழைச்சத்து மிகுந்த உரத்தை அள்ளிப் போட்டாலும் இலையே மிகும்.

உறைபனி வரும் என்று தோன்றும் மாலையில் பழைய சாக்கையோ வைக்கோற்பாயையோ கொடியின் மேல் போர்த்தி, காலையில் எடுத்துவிடுக. முதல் ஆண்டில் இதனைத் தவறாது செய்ய வேண்டும். நுனிகள் கருகினால் உடனே வெட்ட வேண்டா. வெட்டினால் இளந்தளிர் விடும். அடுத்த உறைபனி அதனையும் கொல்லும். கருகியதும் ஒரு போர்வையே. பழங்கள் புதிய கிளைகளில்தான் பிடிக்குமாதலால் கவாத்து அவசியமே. ஆயினும் குளிர் கழிந்த பின், மார்ச்சு மாதத்தை ஒட்டி அதனைச் செய்க.

பூத்தும் காய்க்கவில்லை என்ற குறையும் கேட்கின்றோம். ஊதா வகையின் பூ அதிகாலையில் விரிந்து நண்பகலில் மூடிக்கொள்ளும். அவ்வேளையில் மூடுபனியும் சாரலுமாக இருந்தால் தேனீ வராது. நனைந்த மகரந்தமும் வெடித்துப் பயனற்றுப் போகும். சாரல் விட்ட காலையில் சிறு தூரிகையால் மஞ்சள் பொடியை எடுத்து, பூவின் நடுவே கவிந்துள்ள மூன்று சூல்முடிகளிலும் தடவினால் போதும். வீட்டுச் சிறுவர்கள் இதனை விருப்பத்தோடு செய்வர்.

காயைப் பறித்தல் ஆகாது. முற்றியது தானே விழும். கீழே வைக்கோல் பரப்பி நாள்தோறும் பொறுக்குக. தோல் சற்றுச் சுருங்கிய பின் இனிப்பு மிகும். சுருக்கத்தைக் கண்டு எறிந்துவிடுவார் நல்ல பழத்தையே எறிகின்றனர். பச்சைக் காயில் நஞ்சாக மாறும் பொருள் உண்டாதலின் குழந்தைகள் அதனைத் தின்னாமல் பார்த்துக்கொள்க.

இக்கொடி நீண்ட ஆயுள் உடையதன்று. பெரும்பாலும் இரண்டாம் ஆண்டில் நன்றாகக் காய்த்து, நான்கைந்து ஆண்டுகளில் தளர்ந்துவிடும். தண்ணீர் தேங்கினால் அடித்தண்டு அழுகி அதற்கு முன்னரே சாகும். பழம் சிறுத்துத் தோல் மரம்போல் தடித்தால், இலையில் தேமலும் கண்டால், அது வைரஸ் நோய், மருந்தில்லை. கொடியைப் பிடுங்கி எரித்துவிட வேண்டும்; அதனை வெட்டிய கத்தியால் மற்றொன்றை வெட்டலாகாது. இக்காரணங்களால், வீட்டுக்கொடிக்கென்று சங்கத்தில் கடன் கேட்பதை நாம் ஊக்குவிப்பதில்லை. மூங்கிலும் நான்கு முழம் கம்பியும் கடனின்றிக் கிடைப்பவை. சந்தை உறுதியாகாத பழத்தை நம்பி வட்டி கட்டுவது உருளைக்கிழங்கில் கிடைத்த பணத்தையும் கரைக்கும்.

சங்கம் செய்யக்கூடியது வேறு. ஒட்டுச்செடி என்று கூறி விற்கப்படுபவற்றில் சில வேளை வேர்ச்செடியே தளிர்த்து மேலோங்கிவிடும். ஆஸ்திரேலிய வீட்டுத் தோட்டங்களில் நீலப்பூ வகை இவ்வாறு தழைத்து நல்ல கொடியை அழுத்திவிடுதல் அறிந்த செய்தி. ஒட்டுக்குக் கீழே எழும் தளிரை அவ்வப்போது கிள்ளுக. இத்தொல்லை வேண்டாமெனில், தம் ஊரில் இரண்டு குளிர்காலம் தாங்கிக் காய்த்த, நோயற்ற கொடியைக் கண்டறிந்து, அதிலிருந்து முதிர்ந்த தண்டை மூன்று கணுக்களுடன் துண்டுகளாக்கி, மணலும் மட்கும் கலந்த பைகளில் சங்கத்து நாற்றங்காலில் ஊன்றலாம். ஒவ்வொரு பையிலும் தாய்க்கொடி நிற்கும் இடத்தையும் நட்ட நாளையும் எழுதி வைக்க வேண்டும். மூன்றாம் ஆண்டு பிறந்ததும் அங்கத்தினர் ஒவ்வொருவரும் ஒரு பையைப் பெற்று, பழைய குழியை விட்டு வேறோரிடத்தில் நட்டுக்கொள்ளலாம்.