ஆறு வந்து தங்கிச் செல்லும் புல்வெளி



மட்டக்களப்புக்கும் கொழும்புக்கும் இடையே பயணம் செய்வோர் மன்னம்பிட்டியில் மகாவலி கங்கையைக் கடக்கின்றனர். பெரும்பாலும் இரவுப் பயணம். அவ்வேளை நாம் நித்திரையில் இருப்போம். பகலில் செல்ல வாய்த்தால் விழித்திருந்து பாருங்கள். வானத்துப் பறவைகளை நோக்குமாறு இயேசு சொன்னதை எழுதும்போது மத்தேயு கையாளும் கிரேக்கச் சொல், உற்று நோக்குவதைக் குறிப்பது. குருமடத்தில் அச்சொல்லைத் தேர்வுக்காக மனனம் செய்தேனேயன்றி, ஒரு பறவையையேனும் நான் உற்று நோக்கியதில்லை.

மலைச் சரிவுகளில் விரைந்து இறங்கும் மகாவலி, பொலன்னறுவைச் சமவெளியில் வேகம் தளர்ந்து, வளைந்து வளைந்து திருகோணமலைக் கரையை நோக்கிச் செல்கிறது. அவ்வளைவுகளின் ஓரமாக ஆழமற்ற கிண்ணங்கள் போன்ற தாழ்நிலங்கள் உள்ளன. அவற்றை 'வில்லு' என்பர். வில்பத்துவிலும் வில்லுகள் உண்டு. அவை பெரும்பாலும் மழைநீரால் நிரம்புவன. மகாவலியின் வில்லுகளுக்கோ ஆறுதான் தாய். மாரியில் ஆறு கரைபுரளும்போது அவை நிரம்புகின்றன. ஆறு தாழும்போது நீரில் பெரும்பகுதியை ஆற்றுக்கே திருப்பிக் கொடுக்கின்றன. நீர் வடிந்த வண்டலில் புல் தழைக்கிறது. கோடையில் சுற்றுக் காடெல்லாம் காய்ந்திருக்க, யானைகள் அப்புல்லைத் தேடி வருகின்றன. 1984ஆம் ஆண்டில் இச்சமவெளியின் 17,350 ஹெக்டேயர் நிலம் தேசிய பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது.

இங்கே பறவைகளுக்கு இடம் பங்கிட்டுக் கொடுப்பது நீரின் ஆழமே. ஆழமான நடுப்பகுதி கூழைக்கடாவுக்கும் நீர்க்காகத்துக்கும் உரியது. மிதக்கும் இலைகளின் மேல், நீண்ட விரல்களைப் பரப்பி இலைக்கோழி நடக்கிறது. அதன் குடும்ப வழக்கம் விசித்திரமானது: பெண் முட்டையிட்டுவிட்டு வேறொரு துணையைத் தேடிப் போய்விடும்; அடைகாப்பதும் குஞ்சுகளைப் பேணுவதும் தந்தையின் பொறுப்பு. கரையோரத்து ஆழமற்ற நீரில் நாரைகளும் கொக்குகளும் நிற்கின்றன. அவற்றுள் நத்தைகுத்தி நாரையின் அலகுகள் நடுவில் ஒன்றோடொன்று பொருந்தா. அவ்விடைவெளியோடு கூடிய அலகால் அது நத்தையின் சதையை ஓட்டினின்று பிரித்தெடுக்கிறது. குஞ்சுகளுக்கு இவ்விடைவெளி இல்லை. வளர வளரத்தான் தோன்றுகிறது. ஈரச் சேற்றில் உள்ளான்கள், புல்லில் மேயும் மாட்டின் காலடியில் உண்ணிக்கொக்கு, உலர்ந்த தரையில் முட்டையிட்டுவிட்டு நம்மைக் கண்டதும் கூக்குரலிடும் ஆட்காட்டி. நீர் வடிய வடிய இவையனைத்தும் இடம் மாறுகின்றன. வெள்ளத்தோடு உள்ளே வந்த மீன்கள் வற்றும் குட்டைகளில் அகப்படும் நாள்களே நாரைகளுக்குப் பெருவிருந்து.

ஆகவே, ஆறு ஏறவும் வேண்டும், இறங்கவும் வேண்டும். மேலே பொல்கொல்லையில் 1976இலும், விக்டோரியாவில் 1985இலும், ரந்தெனிகலையில் 1986இலும் அணைகள் எழுந்தன. அவை தந்த மின்சாரத்தையும் வயல் நீரையும் நாம் அனைவரும் நுகர்கிறோம். குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆயினும், ஆற்றின் ஏற்றமும் இறக்கமும் மட்டுப்பட்டால் வில்லுகளுக்கு வரும் வெள்ளமும் குறைகிறது. தேங்கிய நீரில் ஆகாயத்தாமரை பரவுகிறது. அழகுக்காக இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட செடி அது. அதைக் கட்டுப்படுத்த 1909ஆம் ஆண்டிலேயே இங்கு சட்டம் இயற்ற நேர்ந்தது. அது நீரை முழுவதும் மூடிவிட்டால், திறந்த நீரில் மீன் தேடும் கூழைக்கடாவுக்கு அங்கு வேலையில்லை.

இவ்வேளையில் வெள்ளத்துக்காகப் பரிந்து எழுத என் பேனா கூசுகிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மகாவலியும் பெருக்கெடுத்து இச்சமவெளியை மூழ்கடித்தது. வீட்டை இழந்தவரிடம் போய், வெள்ளம் புல்லுக்கு நல்லது என்று எவ்வாறு சொல்வேன்? ஆனால் அந்த நீருக்கும் எங்கேனும் ஓர் இடம் வேண்டியிருந்தது. வில்லு என்பது அவ்விடமே. ஆற்றின் மிகுதியை வாங்கிச் சில காலம் வைத்திருந்து, மெல்ல விடுவது அதன் தொழில். அதை மண்ணிட்டு நிரப்பினாலும் வரப்பிட்டு அடைத்தாலும், அந்த நீர் அடுத்த ஊருக்குள் இறங்கும்.

மாரி முடிந்து நீர் வடியத் தொடங்கியபின் அவ்வழியே செல்ல நேர்ந்தால், பிள்ளைகளை யன்னலோரம் இருத்துங்கள். ஈரநிலம் தென்படும் இடத்தில் ஒரு நாரையைத் தேடச் சொல்லுங்கள். அதன் கால்கள் எம்மட்டும் நீரில் மறைந்திருக்கின்றன என்று அவர்கள் பார்க்கட்டும். ஆறு அந்த வாரம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பது அதிலேயே தெரியும்.