பாஸ் கொடுத்தவர் கையில் இப்போது ஸ்கோர்போர்டு! - கூடைப்பந்தில் ‘பாயின்ட் கார்டு’ மாறிய கதை

1987-ம் ஆண்டு, அமெரிக்காவின் வாஷிங்டன் புல்லட்ஸ் அணியில் இரண்டு பேர் ஒன்றாக ஆடினார்கள். ஒருவர் மனுட் போல், உயரம் 7 அடி 7 அங்குலம். இன்னொருவர் மக்ஸி போக்ஸ், உயரம் 5 அடி 3 அங்குலம். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் படத்தைப் பார்த்தால், அப்பாவும் ஸ்கூலுக்குப் போகும் பிள்ளையும் போலத் தெரியும். ஆனால், அந்த 5 அடி 3 அங்குலக்காரர், ராட்சத உயரக்காரர்களின் உலகமான என்.பி.ஏ லீகில் 14 சீசன்கள் ஆடினார்!

எப்படி முடிந்தது? அவர் ஆடிய இடம் அப்படி. அதன் பெயர் ‘பாயின்ட் கார்டு’.

ஒரு கூடைப்பந்து அணியில் களத்தில் ஐந்து பேர். கூடைக்கு அடியில் நிற்கும் ‘சென்டர்’தான் பெரும்பாலும் அணியிலேயே உயரமானவர். அதற்கு நேரெதிர் பாயின்ட் கார்டு. பந்தைத் தட்டிக்கொண்டு வருவது, யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்ப்பது, யாருக்குப் பந்து போனால் கூடை விழும் என்று முடிவெடுத்துக் கொடுப்பது, எல்லாமே இவர் வேலை. கல்யாண வீட்டில் பந்தியைக் கவனிக்கும் சித்தப்பா மாதிரி. எல்லா இலையிலும் எல்லாம் விழுந்ததா என்று பார்த்துவிட்டு, கடைசிப் பந்தியில்தான் அவர் உட்காருவார்.

அந்தச் சித்தப்பா இப்போது முதல் பந்தியிலேயே உட்கார்ந்துவிட்டார். இது எப்படி நடந்தது?

பந்தோடு ஓடவே கூடாது!

1891 டிசம்பரில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் கூடைப்பந்தை உருவாக்கினார் ஜேம்ஸ் நைஸ்மித். அவர் எழுதிய 13 விதிகளில் ஒன்று, பந்தை வைத்துக்கொண்டு ஓடக் கூடாது என்பது. பந்தைப் பிடித்த இடத்திலிருந்துதான் எறிய வேண்டும். பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே ஓடும் ‘டிரிபிளிங்’ பிறகு வந்து சேர்ந்ததுதான். அது வந்த பிறகுதான், பந்தை நன்றாகத் தட்டத் தெரிந்தவருக்குத் தனி மதிப்பு வந்தது.

அந்த மதிப்பை இன்னும் உயர்த்தியது ஒரு கடிகாரம். 1950 நவம்பரில் ஃபோர்ட் வெய்ன் பிஸ்டன்ஸும் மின்னியாபொலிஸ் லேக்கர்ஸும் மோதிய ஆட்டம் 19-18 என்று முடிந்தது. இரண்டு அணியும் சேர்ந்து முழு ஆட்டத்துக்கும் 37 பாயின்ட்! பந்தைக் கையில் வைத்துக்கொண்டே நேரத்தைக் கடத்துவது அப்போது ஒரு உத்தி. டிக்கெட் வாங்கியவர்கள் கொட்டாவி விட்டார்கள்.

1954-ல் ‘24 விநாடி’ விதி வந்தது. பந்து கைக்கு வந்த 24 விநாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். இனி யோசித்துக்கொண்டு நிற்க நேரமில்லை. சட்டென்று முடிவெடுக்கும் ஒருவர் அணிக்குத் தேவைப்பட்டார்.

அப்படி ஒருவர் பாஸ்டன் செல்டிக்ஸ் அணியில் ஏற்கெனவே இருந்தார். பெயர் பாப் கூஸி. 6 அடி 1 அங்குல உயரம். முதுகுக்குப் பின்னாலிருந்து பந்தைக் கொடுப்பார். ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு இன்னொரு பக்கம் எறிவார். ஒருவர் கொடுத்த பந்து நேராகக் கூடைக்குப் போய் பாயின்ட் ஆனால், கொடுத்தவர் கணக்கில் ‘அசிஸ்ட்’ சேரும். தொடர்ந்து எட்டு சீசன்கள் இந்த அசிஸ்ட் பட்டியலில் கூஸிதான் முதலிடம். பாஸ்டனுக்கு ஆறு சாம்பியன் பட்டங்கள்.

முதலில் கொடு, பிறகு எறி

அதன் பிறகு பல பத்தாண்டுகளுக்கு, பாயின்ட் கார்டுக்கு எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. முதலில் கொடு, வேறு வழியில்லை என்றால் நீ எறி.

இந்தச் சட்டத்துக்கு முழு உருவம் ஜான் ஸ்டாக்டன். யூட்டா ஜாஸ் அணிக்காக மட்டுமே 19 சீசன்கள் ஆடினார். மொத்தம் 15,806 அசிஸ்ட். இந்தச் சாதனை இன்றும் நிற்கிறது. அவர் எடுத்த பாயின்ட்? ஆட்டத்துக்குச் சராசரியாக 13.1 மட்டுமே. அவரிடம் பந்து வாங்கிக் கூடையில் போட்ட கார்ல் மலோன், தன் வாழ்நாளில் 36,928 பாயின்ட் குவித்தார். ஸ்டாக்டன் இல்லாமல் மலோன் கணக்கைப் பேசவே முடியாது.

விதிவிலக்குகளும் இருந்தன. 6 அடி 5 அங்குலம் கொண்ட ஆஸ்கர் ராபர்ட்சன், 1961-62 சீசன் முழுவதும் பாயின்ட், ரீபவுண்டு, அசிஸ்ட் மூன்றிலும் சராசரியாக இரட்டை இலக்கம் எடுத்தார். 6 அடி 9 அங்குல மேஜிக் ஜான்சன் பாயின்ட் கார்டாக வந்தபோது, உயரமானவருக்கு இந்த வேலை வராது என்ற நினைப்பு உடைந்தது. 1980 இறுதிச்சுற்றின் ஆறாவது ஆட்டத்தில், காயமடைந்த கரீம் அப்துல் ஜப்பாருக்குப் பதில் சென்டர் இடத்தில் நின்று ஆரம்பித்தார் மேஜிக். வயது 20. அன்று அவர் எடுத்தது 42 பாயின்ட், 15 ரீபவுண்டு, 7 அசிஸ்ட். லேக்கர்ஸுக்குக் கோப்பை!

ஆனால் இவர்களை அபூர்வப் பிறவிகளாகத்தான் பார்த்தார்கள். சட்டம் மாறவில்லை. அதற்கு உதாரணம் ஆலன் ஐவர்சன். 6 அடி உயரம்தான், ஆனால் பாயின்ட் குவிப்பதில் புலி. ‘இவர் நிறைய எறிகிறார், இவர் எப்படி பாயின்ட் கார்டாக இருக்க முடியும்?’ என்ற கேள்வி எழுந்தது. பிலடெல்ஃபியா அணி அவரைப் பக்கத்து இடத்துக்கு நகர்த்திவிட்டு, பாயின்ட் கார்டு வேலையை எரிக் ஸ்னோவிடம் கொடுத்தது. 2001-ல் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது ஐவர்சனுக்குக் கிடைத்தது. அப்போதும், எறிபவர் வேறு, கொடுப்பவர் வேறு என்பதுதான் கணக்கு.

34 எப்படி 50-ஐ வென்றது?

இந்தக் கணக்கைப் புரட்டிப் போட்டது தரையில் வரைந்த ஒரு கோடு. 1979-80 சீசனில் என்.பி.ஏ மூன்று பாயின்ட் கோட்டைக் கொண்டுவந்தது. கூடையிலிருந்து 7.24 மீட்டர் தூரம், மூலைகளில் மட்டும் கொஞ்சம் குறைவு. அந்தக் கோட்டுக்கு வெளியே இருந்து போட்டால் இரண்டுக்குப் பதில் மூன்று பாயின்ட். முதல் சீசனில் ஒரு அணி, ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக மூன்று முறைகூட முயலவில்லை. அதை ஒரு வேடிக்கையாகத்தான் பார்த்தார்கள்.

பிறகு கணக்குப் போட ஆரம்பித்தார்கள். பக்கத்தில் நின்று 100 முறை எறிந்து 50 விழுந்தால் 100 பாயின்ட். தூரத்தில் நின்று 100 முறை எறிந்து 34 விழுந்தாலே 102 பாயின்ட்! மூன்றில் இரண்டு தவறினாலும் நஷ்டமில்லை. 2024-25 சீசனில் ஓர் அணி, ஆட்டத்துக்குச் சராசரியாக 37 முறைக்கு மேல் தூரத்திலிருந்து எறிந்தது.

இன்னொரு மாற்றம் 2004-ல் வந்தது. பந்தோடு வருபவரின் உடம்பில் கை வைத்துத் தடுப்பதை நடுவர்கள் கண்டிப்போடு ஃபவுல் கொடுத்து அடக்கினார்கள். சிறிய உடம்புக்காரர்களுக்கு வழி திறந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளும் (2005, 2006) சிறந்த ஆட்டக்காரர் விருதை வென்றவர், ஃபீனிக்ஸ் அணியின் பாயின்ட் கார்டு ஸ்டீவ் நாஷ். கோச் மைக் டி’அன்டோனி அவருக்குச் சொன்னது எளிது: பந்து வந்ததும் ஓடு, தடுப்பவர்கள் வரிசைகட்டி நிற்பதற்குள் முடித்துவிடு. நாஷ் கொடுக்கவும் செய்வார், இடம் கிடைத்தால் எறியவும் செய்வார். எது வரும் என்று எதிரணிக்குத் தெரியாது.

கதவைத் திறந்துவிட்ட கறி

2009-ம் ஆண்டு. என்.பி.ஏ-வில் அணிகள் வரிசையாகப் புதிய இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கும் ‘டிராஃப்ட்’ நாள். மினசோட்டா அணிக்கு 5-வது, 6-வது என்று அடுத்தடுத்து இரண்டு வாய்ப்புகள். இரண்டிலும் பாயின்ட் கார்டுகளையே எடுத்தது. ஒருவர் ரிக்கி ரூபியோ, இன்னொருவர் ஜானி ஃப்ளின். ஏழாவதாக வந்த கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ், மிச்சமிருந்த ஒல்லியான பாயின்ட் கார்டு ஒருவரை எடுத்துக்கொண்டது.

அவர்தான் ஸ்டீஃபன் கறி!

2015-16 சீசனில் கறி போட்ட மூன்று பாயின்ட் ஷாட்கள் 402. அதற்கு முந்தைய சாதனை 286. அதுவும் அவருடையதுதான். ஒரே தாவலில் 116 கூடுதல்! அந்த ஆண்டு சிறந்த ஆட்டக்காரர் விருதுக்கு ஓட்டுப் போட்ட அத்தனை பேரும் முதலிடத்தில் அவர் பெயரையே எழுதினார்கள். என்.பி.ஏ வரலாற்றில் அப்படி நடந்தது அதுவே முதல்முறை.

கறி செய்த மாற்றம், எண்ணிக்கையைவிடப் பெரியது. கோட்டுக்கு வெளியே இன்னும் இரண்டு மூன்று அடி தள்ளி நின்றும் அவர் எறிவார். எனவே, அவரைத் தடுப்பவர் அவ்வளவு தூரம் வெளியே வந்தாக வேண்டும். ஒருவர் போதாது என்று இரண்டு பேர் வருவார்கள். அப்போது கூடைப் பக்கம் நான்கு பேருக்கு எதிராக மூன்று பேர்தான் மிஞ்சுவார்கள். கறி பந்தை விட்டுவிட்டால் போதும், மற்றவர்கள் போட்டுக்கொள்வார்கள். எறிவேன் என்ற பயத்தை உண்டாக்குவதே மற்றவர்களுக்கு வழி செய்யும் வேலையாக மாறியது. வாரியர்ஸ் அணி 2015-லிருந்து 2022-க்குள் நான்கு பட்டங்கள் வென்றது.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இது புதிதல்ல. ஒரு காலத்தில் விக்கெட் கீப்பர் பந்தைப் பிடித்தால் போதும். கில்கிறிஸ்ட்டும் தோனியும் வந்த பிறகு, பேட்டிங் தெரியாத கீப்பருக்கு அணியில் இடம் கிடைப்பதே கஷ்டமாகிவிட்டது. கறிக்குப் பிறகு தூரத்திலிருந்து எறியத் தெரியாத பாயின்ட் கார்டுக்கும் அதே நிலைதான்.

அப்படியானால் பாஸ் கொடுப்பது யார்?

சித்தப்பா சாப்பிட உட்கார்ந்துவிட்டால் பரிமாறுவது யார்? உயரமானவர்கள்!

வாரியர்ஸ் அணியிலேயே பல சீசன்களில் அதிக அசிஸ்ட் எடுத்தவர் கறி அல்ல, 6 அடி 6 அங்குலமும் முரட்டு உடம்பும் கொண்ட டிரேமண்ட் கிரீன். 2019-20 சீசனில் லீகின் அசிஸ்ட் பட்டியலில் முதலிடம் பிடித்தவர், 6 அடி 9 அங்குல லெப்ரான் ஜேம்ஸ். அப்போது அவருக்கு வயது 35.

உச்சம் நிக்கோலா யோகிச். செர்பியாக்காரர், 6 அடி 11 அங்குலம், சென்டர். 2014 டிராஃப்டில் 41-வதாக அவரை டென்வர் அணி எடுத்தபோது, டி.வி-யில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. இன்று அவர் மூன்று முறை சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கியவர். வேகமாக ஓட மாட்டார், உயரமாகக் குதிக்க மாட்டார். களத்தின் நடுவில் பந்தோடு நிற்பார். எல்லார் தலைக்கும் மேலே அவர் கண் இருக்கும். யார் எந்தப் பக்கம் நழுவி ஓடுகிறார் என்று பார்த்து, ஓடுபவரின் கைக்கே பந்தை அனுப்புவார். 2023-ல் டென்வர் அணிக்கு முதல் பட்டம். 2024-25 சீசனில் அவரது சராசரி 29.6 பாயின்ட், 12.7 ரீபவுண்டு, 10.2 அசிஸ்ட். சீசன் முழுவதும் இப்படி மூன்றிலும் இரட்டை இலக்கச் சராசரி எடுத்த முதல் சென்டர் அவரே.

உயரம் குறைந்தவர்களுக்கு என்ன ஆச்சு?

இந்தக் கதையில் வலிக்கும் பக்கம் இதுதான். இன்றைய அணிகள், எதிரணியில் யார் உயரம் குறைவு என்று தேடும். தங்கள் அணியில் ஒருவரை இடையில் நிறுத்தி, தடுப்பவர்கள் ஆள் மாறும்படி செய்யும். கடைசியில் 6 அடி 8 அங்குலக்காரருக்கு எதிரே 6 அடிக்காரர் மாட்டிக்கொள்வார். திரும்பத் திரும்ப அதே இடத்தில் அடிப்பார்கள். அதனால்தான், பாஸ் கொடுக்கத் தெரிந்தவர்களிலும் உயரமானவர்களையே அணிகள் தேடுகின்றன.

5 அடி 9 அங்குல ஐசையா தாமஸ், 2011 டிராஃப்டில் கடைசி ஆளாக எடுக்கப்பட்டவர். 2016-17 சீசனில் பாஸ்டனுக்காகச் சராசரியாக 28.9 பாயின்ட் எடுத்தார். ஆனால் இடுப்பில் காயம். அந்தக் கோடையிலேயே வேறு அணிக்கு மாற்றப்பட்டார். பழைய உயரத்துக்கு அவர் ஆட்டம் திரும்பவில்லை. ஒருமுறை சறுக்கினால் உயரம் குறைந்தவருக்கு மறு வாய்ப்பு எளிதில் வராது.

கதவு முழுக்க மூடிவிடவும் இல்லை. 6 அடி 2 அங்குல ஜேலன் புரன்சன், 2018 டிராஃப்டில் 33-வது ஆள். 2025-ல் நியூயார்க் நிக்ஸ் அணியைக் கிழக்குப் பிரிவின் இறுதிச்சுற்று வரை கொண்டுபோனார். 39 வயதில், 6 அடி உயர கிறிஸ் பால் 2024-25 சீசனின் 82 ஆட்டங்களிலும் சான் அன்டோனியோவுக்கு ஆடினார். பெண்களுக்கான டபிள்யூ.என்.பி.ஏ-வில், 2024-ல் அறிமுகமான கெய்ட்லின் கிளார்க், முதல் சீசனிலேயே 337 அசிஸ்ட் எடுத்துச் சாதனை படைத்தார். வெகு தூரத்திலிருந்து எறிவதிலும் அவர் கில்லாடி. கறியும் ஸ்டாக்டனும் ஒரே உடம்பில் சேர்ந்த மாதிரி!

ஒரே மேடையில் இரண்டு விடைகள்

2025 இறுதிச்சுற்றில் இரண்டு விதமான பாயின்ட் கார்டுகள் மோதினார்கள். ஒக்லஹோமா சிட்டியின் ஷேய் கில்ஜியஸ் அலெக்ஸாண்டர், அந்த சீசனில் லீகிலேயே அதிகமாக, சராசரியாக 32.7 பாயின்ட் எடுத்தவர். இண்டியானாவின் டைரீஸ் ஹாலிபர்ட்டன், பழைய வழியில் முதலில் கொடுப்பவர். முதல் ஆட்டத்தில் 0.3 விநாடி மிச்சமிருக்கும்போது வெற்றி ஷாட்டைப் போட்டவரும் அவரே.

ஏழாவது, கடைசி ஆட்டம். முதல் கால் பகுதியிலேயே ஹாலிபர்ட்டனின் குதிகால் தசைநார் கிழிந்தது. தரையைத் தட்டியபடி அழுதார். பாதி ஆட்டம் வரை இண்டியானா தாக்குப்பிடித்தது. அதன் பிறகு பந்து கை நழுவிக்கொண்டே இருந்தது. எறிவதற்கு ஆள் இருந்தார்கள். யாருக்கு, எப்போது என்று முடிவெடுக்கும் தலைதான் வெளியே உட்கார்ந்திருந்தது. கோப்பை ஒக்லஹோமாவுக்குப் போனது.

பாயின்ட் கார்டு என்ற பெயருக்கு இனி ஒரு உயரம், ஓர் உடம்பு என்று அளவு கிடையாது. சென்டரும் அந்த வேலையைச் செய்யலாம், ஐந்து பேரும் பங்கு போட்டுக்கொள்ளலாம். ஆனால் பந்தியில் எந்த இலை காலியாக இருக்கிறது என்று பார்க்கும் கண் ஓர் அணிக்கு எப்போதும் வேண்டும். 5 அடி 3 அங்குலத்தில் மக்ஸி போக்ஸிடம் இருந்தது அந்தக் கண்தான். 6 அடி 11 அங்குலத்தில் யோகிச்சிடம் இருப்பதும் அதுவேதான்!