உணவுப் பாக்கெட்டும் ஊட்டச்சத்து விவரமும்

பட்டுப் புடவை வாங்க ஆரணிக்கு வருவோர் 'சில்க் மார்க்' முத்திரை உள்ளதா என்று தேடுவர். 2004 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த அம்முத்திரை, தூய பட்டு என்பதற்குச் சான்றாகும். நெசவாளருக்கோ அதுவும் வேண்டுவதில்லை. சரிகையைச் சற்றே சுரண்டி, உள்ளிழையின் சிவப்பைக் கண்டே தரத்தைக் கூறிவிடுவார். புடவையில் இத்துணை நுட்பம் காட்டும் ஊரார், மளிகைக் கடையில் பிஸ்கட்டோ நூடுல்ஸோ வாங்கும்போது உறையைத் திருப்பிப் பார்க்கின்றனரா? பெரும்பாலும் விலையையும் காலாவதி நாளையும் பார்ப்பதோடு சரி. இதற்கு மக்களின் அசட்டை ஒன்றையே காரணமாகக் கூறுவது முறையன்று.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020 ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி, பாக்கெட் உணவின் 100 கிராமில் உள்ள ஆற்றல், புரதம், மாவுச்சத்து, சர்க்கரை, கொழுப்பு, சோடியம் ஆகியவை அச்சிடப்பட வேண்டும். சேர்பொருள்கள் எடையின் இறங்கு வரிசையில் அமைய வேண்டும். ஆகவே, 'கோதுமை பிஸ்கட்' என்று முகப்பில் பெரிதாக எழுதியிருப்பினும், பின்புறப் பட்டியலில் மைதா முதலிலும் சர்க்கரை அடுத்தும் நின்றால், நாம் வாங்குவது யாது என்பது விளங்கிவிடும். சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிட்டும். 800 மில்லிகிராம் சோடியம் என்பது 2 கிராம் உப்பு. நாளொன்றுக்குரிய உச்ச அளவோ 5 கிராம்தான்!

இவ்வளவு பயனுள்ள விவரம் நம் கண்ணில் படாதது ஏன்? அது ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருந்தால் போதும் என்பது சட்டம். பிற மொழிகளைச் சேர்த்துக் கொள்ளலாம், கட்டாயமில்லை. ஆங்கிலம் அறியாத நெசவாளர் வீட்டில் அது வெறும் பூச்சிக் கோலமே. மேலும், மொத்தப் பரப்பு 100 சதுர சென்டிமீட்டருக்கு மிகாத சிறு உறைகளுக்குச் சத்து விவரத்திலிருந்தே விலக்கு உண்டு. சிறுவர் காசு கொடுத்துத் தாமே வாங்கும் மிட்டாய்களுள் பல இவ்வகையின. எவருக்கு எச்சரிக்கை மிகத் தேவையோ, அவர் கைக்கு அது சென்று சேராத நிலை இது. ஐ.சி.எம்.ஆர். ஆதரவில் நடந்து 2023 இல் வெளியான ஆய்வு, இந்தியாவில் நீரிழிவு உடையோர் 10.1 கோடி எனக் கணித்ததை இங்கு நினைவிற் கொள்ள வேண்டும்.

மக்கள் லேபிளைப் பார்ப்பதேயில்லை என்பதும் உண்மையன்று. 2001 முதல் பச்சைப் புள்ளியும் பழுப்புக் குறியும் சைவ, அசைவ உணவுகளைப் பிரித்துக் காட்டுகின்றன. எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டியும் அவற்றை அறிவார். நம் இல்லங்களிலும் மிட்டாயில் ஜெலட்டின் உண்டா எனத் தேடுவோர் உளர். 471 என்ற எண்ணுடைய பால்மமாக்கி தாவரக் கொழுப்பிலிருந்தும் விலங்குக் கொழுப்பிலிருந்தும் கிட்டக்கூடியது. பச்சைப் புள்ளி அந்த ஐயத்தை நீக்கிவிடுகிறது. ஒரே பார்வையில் பொருள் தரும் குறி வாங்குவோரின் கையைத் தடுக்கும். கணக்குப் போட வைக்கும் அட்டவணை அவ்வாறு தடுப்பது அரிது.

தென்னமெரிக்க நாடான சிலி இதனை நன்கு உணர்ந்தது. 2016 ஜூன் முதல், சர்க்கரை, உப்பு, கொழுப்பு, ஆற்றல் மிகுந்த உணவுகளின் முகப்பில் கறுப்பு எண்கோணக் குறி அங்குக் கட்டாயமாயிற்று. குறி பெற்ற இனிப்புப் பானங்களின் கொள்முதல் ஏறத்தாழ 24 விழுக்காடு குறைந்ததாக ஆய்வாளர் கண்டனர். சிறுவரை ஈர்க்கும் விளம்பரங்களுக்கும் பள்ளி விற்பனைக்கும் உடன் விதித்த தடைகளுக்கும் இதில் பங்குண்டு.

நம் ஆணையம் 2022 இல் வெளியிட்ட வரைவோ அரை முதல் ஐந்து வரையிலான நட்சத்திரங்களை முன்மொழிந்தது. சர்க்கரை மிகுந்த பண்டமும் சிறிது பருப்போ பழமோ சேர்த்து நட்சத்திரம் ஈட்டிவிடலாம் என்பதால் நுகர்வோர் அமைப்புகள் இதனை எதிர்த்தன, அவ்வெதிர்ப்பு நியாயமானதே. நட்சத்திரம் பாராட்டும் சின்னமேயன்றி எச்சரிக்கை ஆகாது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், முகப்பு விவரம் குறித்து மூன்று மாதங்களுக்குள் பரிந்துரை அளிக்குமாறு பணித்தது.

தமிழில் அச்சிடுமாறு கேட்பது மட்டும் போதுமா? 'நிறைவுற்ற கொழுப்பு' என்று மொழிபெயர்த்துவிட்டால், தறியில் அமர்ந்திருப்பவருக்கு அது ஆங்கிலத்தினும் தெளிவாகிவிடாது. 'சர்க்கரை மிகுதி', 'உப்பு மிகுதி' என்ற இரு சொற்களும் அவருக்கு உடனே விளங்கும். ஐந்து ரூபாய்ப் பாக்கெட்டின் முகப்பிலும் அவற்றுக்குத் தாராளமாக இடமுண்டு.