கடல் தாண்டாமல் ஒரு ஐரோப்பிய நகரம்

எர்ணாகுளம் படகுத்துறையில் ஏறினால் சுமார் இருபது நிமிஷத்தில் ஃபோர்ட் கொச்சி. பாலக்காட்டிலிருந்து வரும் நண்பர்களுக்கு ரயிலில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். சில வண்டிகள் நார்த்திலும் சில சவுத்திலும் நிற்கும். படகுத்துறைக்கு சவுத்தே பக்கம். இடுக்கி மாவட்டத்துக்கு ரயில் கிடையாது. மூணாறு, குமுளி அன்பர்கள் பஸ்ஸில்தான் வரவேண்டும்.

கோட்டையைத் தேடி அலைய வேண்டாம். போர்த்துக்கீசியர் 1503-ல் கட்டத் தொடங்கிய கோட்டையை 1806-ல் ஆங்கிலேயர் இடித்துத் தள்ளிவிட்டார்கள். 1766-ல் ஹைதர் அலி கட்டிய பாலக்காட்டுக் கோட்டை முழுசாக நிற்க, 'ஃபோர்ட்' என்று பேர் வைத்துக்கொண்ட ஊரில் கோட்டை இல்லை!

வீதிகளும் வீடுகளும்தான் இங்கே பார்க்க வேண்டியவை. கனத்த சுவர், சுண்ணாம்புப் பூச்சு, ஆள் உயர ஜன்னல், வீதியிலேயே திறக்கும் வாசல். 1663-ல் நகரைப் பிடித்த டச்சுக்காரர்கள் விட்டுப்போன பாணி இது. மாதா கோயில்களில் பழையது புனித பிரான்சிஸ் ஆலயம். 1524-ல் கொச்சியில் இறந்த வாஸ்கோ ட காமாவை இங்கேதான் அடக்கம் செய்தார்கள். பதினான்கு வருஷம் கழித்து எலும்புகளை எடுத்துக் கப்பலேற்றி லிஸ்பனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கல்லறை மட்டும் இருக்கிறது. மேலே துணிப் பங்காக்கள் தொங்குகின்றன. கயிறு சுவர் தாண்டி வெளியே போகும்; இழுத்தவன் வெயிலில் நின்றான், காற்று உள்ளே இருந்தவருக்கு.

மட்டாஞ்சேரியில் 'டச்சு அரண்மனை' இருக்கிறது. பேர்தான் அப்படி, போர்த்துக்கீசியர் கட்டி 1555 வாக்கில் கொச்சி ராஜாவுக்குக் கொடுத்தது. டச்சுக்காரர் பழுது பார்த்தார்கள், பேர் அவர்களுக்குப் போயிற்று. உள்ளே நாலுகெட்டும் பகவதி கோயிலும், ராஜாவின் பள்ளியறைச் சுவரில் ராமாயணச் சித்திரங்களும். பக்கத்தில் 1568-ல் கட்டிய யூதர் ஜெப ஆலயம். தரையில் சீனத்து நீல ஓடுகள்.

வந்தவர்களெல்லாம் ஊரைவிட்டுப் போனார்கள் என்று சொல்ல முடியாது. டச்சுச் சிப்பாய்களின் உடுப்பு வெளுக்க 1720-களில் தமிழ்நாட்டிலிருந்து சலவைத் தொழிலாளர்களைக் கூட்டி வந்ததாகச் சொல்வார்கள். அந்த வண்ணார் சமூகத்தின் வழிவந்தவர்கள் வெளி மைதானத்துப் பக்கம் இன்றும் துவைக்கிறார்கள். 1976-ல் கட்டிக்கொடுத்த சலவைக் கூடத்தில் தனித்தனிக் கல்தொட்டிகள். கிளிப் கிடையாது, முறுக்கிய இரட்டைக் கயிற்றின் இடுக்கில் துணியின் நுனியைச் செருகிக் காயப்போடுகிறார்கள். கஞ்சி போட்ட வேட்டி காற்றில் படபடப்பதைப் பார்க்கையில், காமாவின் காலிக் கல்லறையைவிட இதுவே எனக்குப் பெரிதாகப் பட்டது. தமிழில் பேசினால் தமிழிலேயே பதில் வருகிறது. மெஷின் வந்த பிறகு வேலை குறைந்துவிட்டது. பிள்ளைகள் வேறு உத்தியோகம் தேடுகிறார்கள். ஊரைச் சுற்றிக் காட்டும் ஆட்டோக்காரர்கள் இவ்விடத்தைக் கடைசியில், நேரமிருந்தால் காட்டுகிறார்கள். முதலிலேயே இங்கே போகச் சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமை அரண்மனையும் சனிக்கிழமை யூதர் ஆலயமும் மூடியிருக்கும். சலவைக் கூடத்தில் படம் எடுக்குமுன் ஒரு வார்த்தை கேட்டுவிடவும்; அது அவர்கள் வேலை செய்யும் இடம்.